அப்பத்தா மடியும் கார் சீட்டும்

2022 மாசி சிவராத்திரிக்கு முதல் நாள். மகளுக்குப் பதினோரு மாதம் முடியும் நேரம். ஒற்றைப்படை மாதத்திலேயே குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கோயம்புத்தூரில் இருந்து பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாக வத்தலக்குண்டு பக்கம் போக வேண்டும். விடிவதற்கு முன்பே கிளம்பினோம். நான் ஓட்டினேன். முன் இருக்கையில் அம்மா, அவர் மடியில் மகள். பின்னால் அப்பா, மனைவி, தங்கை, தங்கையின் ஆறு வயது மகன். எல்லோர் காலடியிலும் பொங்கல் பானை, வாழையிலைக் கட்டு, பூக்கூடை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன் இருக்கையின் பெல்ட்டை அம்மா போட்டிருக்கவில்லை. போட்டால் குழந்தைக்கு அழுத்தும் என்றார். போடாவிட்டால் கார் கத்திக்கொண்டே இருக்கும். அதனால் பெல்ட்டை இழுத்துப் பக்கிளில் மாட்டி, அதற்கு முன்னால் அம்மாவை உட்கார வைத்தேன். அதைச் செய்தது நான்தான், வேறு யாருமில்லை.

கள்ளிமந்தயம் தாண்டி ஒரு வளைவு. திரும்பியதும் சாலையின் குறுக்கே ஆட்டு மந்தை. எழுபதில் போய்க்கொண்டிருந்தேன். முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. ஒரு ஆட்டின் மேல்கூடப் படவில்லை. பின்னால் வந்த வண்டியும் ஒதுங்கிப் போய்விட்டது. ஆனால் அம்மா இருக்கையில் இருந்து வழுக்கி முன்னால் போயிருந்தார், மகள் அவர் கையை விட்டுப் போய் டேஷ்போர்டில் நெற்றி மோதிக் கீழே கிடந்தாள்.

இடது புருவத்துக்கு மேல் நான்கு தையல். அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கி, மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார். மருத்துவர் மகளை அன்று இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைத்து, வாந்தி எடுக்கிறாளா, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி விழுகிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். கோயிலுக்குப் போகவில்லை. மொட்டை இரண்டு மாதம் கழித்துத்தான் போட்டோம்.

தையல் பிரித்தாயிற்று, தழும்பும் மங்கியாயிற்று. ஆனால் அம்மா மாறவில்லை. "என் கை விட்டிருச்சே தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சமையல்கட்டில் நிற்கும்போது, துணி மடிக்கும்போது, யாராவது குழந்தையின் நெற்றியைப் பார்த்து என்ன என்று கேட்கும்போது, அதே வார்த்தைதான். மூன்று பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கை அது. அந்தக் கை விட்டுவிட்டது என்பதை அவரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அவருக்காகத்தான் முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மகள் அப்போது 9 கிலோ. கார் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்குப் பதினான்கு மீட்டர் வேகம். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வண்டி நின்றுவிட்டால், மடியில் இருக்கும் 9 கிலோ குழந்தை 120 கிலோவுக்கும் மேலான எடையைப் போல முன்னால் இழுக்கும். எந்தக் கையால் 120 கிலோவைப் பிடிக்க முடியும்? அதுவும் முன்கூட்டி ஒரு சொல்லும் இல்லாமல், பேசிக்கொண்டிருக்கும்போது? இன்னொரு விதமாகச் சொன்னால், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது சுமார் பத்து மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது மூன்றாவது மாடியில் இருந்து விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைத்து, "நான்தான் பிடிச்சிருக்கேனே" என்று நாம் சொல்வதில்லை.

எங்களுக்கு நடந்தது மோதல்கூட இல்லை, வெறும் பிரேக். மோதியிருந்தால் முன் இருக்கையின் ஏர்பேக் விரிந்திருக்கும். கண் இமைக்கும் நேரத்துக்குள் விரியும் பை அது. பெல்ட் போட்ட ஒரு பெரிய ஆளை மனதில் வைத்துச் செய்தது. மடியில் இருக்கும் குழந்தையின் தலைதான் அதற்கு நேராக இருந்திருக்கும். இதை எழுதும்போதுகூடக் கை நடுங்குகிறது.

அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "உன் கை விடலைம்மா. யார் கையா இருந்தாலும் நிக்காது. உன்னை அந்த இடத்துல உக்கார வச்ச எம்மேலதான் தப்பு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொல்வது குறைந்தது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்தில் 194பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான தனி இருக்கையாலோ பாதுகாக்காமல் காரில் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதம். இதில் கவனிக்க வேண்டியது, யாருக்கு அபராதம் என்பது. குழந்தையை மடியில் வைத்திருந்த பாட்டிக்கு இல்லை. வண்டியை ஓட்டியவருக்கும், அப்படி ஓட்ட விட்டவருக்கும். ஓட்டுபவர் சாவியைத் திருப்புவதற்கு முன்பே அந்தப் பொறுப்பு அவர் தலையில் இருக்கிறது. சட்டம் வந்து இரண்டரை ஆண்டுகள் கழித்துத்தான் எங்கள் விபத்து. எனக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. ஹெல்மெட்டுக்காக என்னை எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறார்கள். மடியில் குழந்தை இருக்கிறதே என்று இன்றுவரை யாரும் நிறுத்தியதில்லை.

அந்தப் பிரிவில் எனக்கு ஒரு குறை உண்டு. "பெல்ட் அல்லது குழந்தை இருக்கை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. எந்த வயதுக்கு எது, எந்த உயரம் வரை எது என்று அதில் இல்லை. மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டிவிட்டால் சட்டத்தின் கண்ணுக்கு அது சரியாகிவிடும். ஆனால் அந்தப் பெல்ட் குழந்தையின் கழுத்தை அறுத்துக்கொண்டு போகும், கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறும். வெளிநாடுகளில் இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரம் உள்ளவர்களுக்குப் பொருத்தமான இருக்கையோ, பெரியவர்களின் பெல்ட் சரியான இடத்தில் விழும்படி குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டரோ வேண்டும். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை. கனடாவின் ஒன்டாரியோவில் 18 கிலோவைத் தாண்டிய குழந்தைக்கு பூஸ்டர். எட்டு வயது, 36 கிலோ, 145 சென்டிமீட்டர் இதில் ஒன்றை எட்டும் வரை அதில்தான் உட்கார வேண்டும். நம் சட்டத்தை அபராதத்துக்கு வைத்துக்கொண்டு, அளவுக்கு இவற்றைப் பார்த்துக்கொள்வது என்று நான் முடிவு செய்தேன்.

குழந்தைக்கான அந்தத் தனி இருக்கையை, அதாவது கார் சீட்டை, வாங்கிய கதைக்கு வருகிறேன். இணையத்தில் தேடினால் எண்ணூறு ரூபாய்க்கு ஒரு மெத்தை, அதில் நான்கு பட்டை, பின்னால் கட்ட ஒரு கயிறு என்று ஒன்று வரும். படத்தில் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அதை வாங்காதீர்கள். எந்தச் சோதனை முத்திரையும் இல்லாத துணிப்பை அது. நான் தேடியது இரண்டு அடையாளங்களை. ஒன்று, நம் நாட்டுத் தரமான ஏஐஎஸ் 072. இன்னொன்று, இருக்கையின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற லேபிள், அதில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும். அது ஐரோப்பிய விதியான ஆர்44 சோதனையில் தேறிய இருக்கை என்று பொருள். எத்தனை கிலோ வரை என்பதும் அதிலேயே இருக்கும். ஆர்129 என்று புதிய விதியும் உண்டு. அது எடைக்குப் பதில் உயரத்தைக் கணக்கில் எடுக்கிறது, பக்கவாட்டு மோதலையும் சோதிக்கிறது. கையில் காசு இருந்தால் அது.

நாங்கள் வாங்கியது பிறந்த குழந்தை முதல் 18 கிலோ வரையான ஆர்44 இருக்கை. பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆயிற்று. அப்பா விலையைக் கேட்டுவிட்டு, "அதுல ரெண்டு கிராம் தங்கம் எடுத்திருக்கலாம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் குழந்தைக்கு என்று செலவு செய்தால் அது தங்கமாக இருக்கும், விருந்தாக இருக்கும். இந்த மாதிரிப் பொருளுக்கு எங்கள் கணக்கில் இடமே இருந்ததில்லை.

முதல் ஒரு மாதம் அதைத் தப்பாக மாட்டியிருந்தோம். இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. ஒருநாள் சீட்டைத் துடைக்கும்போது பிடித்து அசைத்துப் பார்த்தேன். ஒரு சாண் அளவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. சீட்டோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பொறுமையாகப் படித்தபோது விஷயம் புரிந்தது. குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும்போது கார் பெல்ட் போக வேண்டிய வழிக்கு நீல நிற அடையாளம். முன்பக்கம் பார்த்து உட்காரும்போது போக வேண்டிய வழிக்குச் சிவப்பு. மகளைப் பின்பக்கம் பார்க்க வைத்துவிட்டு, பெல்ட்டைச் சிவப்பில் விட்டிருந்தேன். மாற்றி மாட்டி, முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டு பெல்ட்டின் தொய்வை இழுத்த பிறகு கல் மாதிரி நின்றது. பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. இதை இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

புதிய கார்களில் ஐசோஃபிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பின் இருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். சீட்டின் கொக்கிகள் அதில் போய்ப் பூட்டிக்கொள்ளும், பல சீட்களில் பச்சை நிறம் தெரிந்தால் பூட்டியாயிற்று. தப்பு செய்ய வாய்ப்பு குறைவு. எங்கள் பழைய காரில் அது இல்லை. இல்லை என்பதற்காக கார் சீட்டையே விட்டுவிட வேண்டியதில்லை. பெல்ட்டில் மாட்டும் சீட்டைச் சரியாக மாட்டினால் அதுவும் பாதுகாப்புதான். வாங்கும் முன்பு உங்கள் காரில் வைத்துப் பார்த்துவிடுங்கள். சில பழைய கார்களில் பின் பெல்ட்டின் நீளமே பத்தாது. நடு இருக்கையில் இடுப்புப் பட்டை மட்டும் இருந்தால் அங்கே மாட்டக் கூடாது. நாங்கள் பின்னால் இடது பக்கம் வைத்தோம். அது நடைபாதைப் பக்கம், குழந்தையை இறக்கும்போது வண்டிகளுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டியிருக்காது.

முன் இருக்கையில் ஏர்பேக் இருக்கும் காரில், பின்பக்கம் பார்க்கும் குழந்தை இருக்கையை அங்கே வைக்கவே கூடாது. இதில் சமரசமே இல்லை.

ஏன் பின்பக்கம் பார்க்க வைக்கிறீர்கள் என்று கேட்காத உறவினர் கிடையாது. "புள்ள மூஞ்சிய சீட்டுப் பக்கம் திருப்பி வச்சிருக்கீங்களே, பாவமில்லையா?" கைக்குழந்தையின் உடம்பில் தலையே கால்வாசி. கழுத்து எலும்பு இன்னும் முழுதாகக் கெட்டிப்பட்டிருக்காது. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது வண்டி மோதினால் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும். பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து சீட்டுக்குள் அழுந்தும், அடி ஒரே இடத்தில் விழாமல் பரவிவிடும். ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் என்கிறது. சீட் இடம் கொடுக்கும் வரை எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் நல்லது. எங்கள் சீட்டில் 13 கிலோ வரை முடியும். இரண்டே முக்கால் வயது வரை மகள் அப்படித்தான் போனாள். கால் மடங்குகிறதே என்று மனைவிக்குக் கவலை. மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள், ஒருநாளும் கால் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

அழுகையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. பதினோரு மாதம் மடியிலேயே போன குழந்தை சீட்டில் உட்காருமா? முதல் பத்து நாள் காது கிழியக் கத்தினாள். ஒருநாள் பீளமேட்டில் இருந்து காந்திபுரம் போவதற்குள் மனைவி, "ஏங்க, இன்னிக்கு ஒருநாள் தூக்கிக்கிறேங்க" என்று கண் கலங்கினார். நானும் இறங்கிவந்திருப்பேன். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாதான், "வேண்டாம். ஓரமா நிறுத்து, சமாதானப்படுத்திட்டுப் போகலாம்" என்றார். நிறுத்தினோம். தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் தோளில் போட்டு, திரும்பவும் சீட்டில் வைத்துத்தான் கிளம்பினோம். அழுதால் காரை நிறுத்துவோம், ஆனால் ஓடும் காரில் பட்டையை அவிழ்க்க மாட்டோம் என்று அன்றைக்கு வைத்த பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

அப்புறம் அம்மா ஒரு யோசனை சொன்னார். சீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து கூடத்தில் வைக்கச் சொன்னார். மகள் அதில் ஏறி இறங்கி, பொம்மையை அதில் தூங்க வைத்து விளையாடினாள். நாலைந்து நாளில் அது அவளுடைய நாற்காலி ஆகிவிட்டது. பிறகு காரில் வைத்தபோது பாதி அழுகை போயிற்று. மீதியை அம்மாவின் கதைகள் பார்த்துக்கொண்டன. இப்போது அம்மாவின் இடம் பின் இருக்கை, மகளுக்குப் பக்கத்தில். தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். மடியில் வைத்துக்கொள்ள முடியவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு இருக்கத்தான் செய்தது. கார் நின்றதும் முதலில் தூக்குவது அப்பத்தாதான் என்று நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்.

பட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. தோள்பட்டைக்கு மேல் வரும் பட்டையை விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி மடிந்து விரலுக்குள் வந்தால் தொளதொளவென்று இருக்கிறது, இன்னும் இழுக்க வேண்டும். வழுக்கினால் சரி. பின்பக்கம் பார்க்கும்போது பட்டை தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், முன்பக்கம் பார்க்கும்போது தோளின் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ. ஊட்டிக்குப் போகும்போது தடித்த ஸ்வெட்டரைப் போட்டு அதன் மேல் பட்டையை மாட்டினால் இறுக்கமாகத் தெரியும், உள்ளே இடைவெளி இருக்கும். பட்டையை மாட்டிவிட்டு மேலே ஒரு போர்வையைப் போர்த்துங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் பக்கிளின் இரும்பு கொதிக்கும். நாங்கள் சீட்டின் மேல் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்துவிட்டு இறங்குவோம். குழந்தை தூங்கிவிட்டது, ஐந்து நிமிடம்தானே என்று காரில் தனியாக விட்டு இறங்குவது மட்டும் எந்த மாதத்திலும் கூடாது. கைக்குழந்தை சீட்டில் உட்கார்ந்தபடி மணிக்கணக்காகத் தூங்குவதும் நல்லதில்லை, தலை தொங்கி மூச்சு அடைபடும். நீண்ட பயணத்தில் ஒன்றரை மணிக்கு ஒருமுறையாவது நிறுத்தி வெளியே எடுத்துவிடுவோம்.

அப்பாவை மாற்றியது நான் இல்லை. 2022 செப்டம்பர் 4ஆம் தேதி மும்பை–அகமதாபாத் நெடுஞ்சாலையில் பால்கர் பக்கம் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். உயர்ந்த ரக கார். பின் இருக்கையில் இருந்த அவரும் இன்னொருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை, அவர்கள் இருவரும்தான் இறந்தார்கள். தொலைக்காட்சியில் அதையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "பின்னாடி உக்காந்தாலுமா?" என்று கேட்டார். பின்னாடி உட்கார்ந்தாலும்தான். பெல்ட் போடாத பெரியவர் மோதலில் பறந்து வந்து பக்கத்தில் இருக்கும் குழந்தை மீதே விழலாம். குழந்தை சீட்டுக்குள் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் எழுபது கிலோ ஆளைத் தாங்காது. மறுநாள் காரில் ஏறியதும் அப்பா பெல்ட்டைத் தேடினார். கிடைக்கவில்லை.

ஏன் தெரியுமா? கார் வாங்கியபோது கடையில் சீட் கவர் போட்டோம். போட்டவர் பின் இருக்கையின் பக்கிள்களை உள்ளே தள்ளிவிட்டு மேலே தைத்த கவரை இழுத்து மூடியிருந்தார். அதை நாங்கள் நான்கு வருடம் கவனிக்கவே இல்லை. கவரைக் கிழித்துத்தான் வெளியே எடுத்தோம். கால் டாக்சிகளில் பாருங்கள், பத்தில் பாதி இப்படித்தான் இருக்கும் என்பது என் அனுபவம். இப்போது வண்டி வந்ததும் ஏறுவதற்கு முன்பே இடுக்கில் கையை விட்டுப் பக்கிளைத் தேடுகிறேன். "பின்னாடி எதுக்கு சார்" என்று ஓட்டுநர்கள் கேட்பார்கள். "குழந்தை சீட் மாட்டணும் அண்ணே, ரெண்டு நிமிஷம்" என்றால் பெரும்பாலும் அவர்களே இறங்கி உதவி செய்கிறார்கள். நான் முன்பு அம்மாவுக்குச் செய்தது போல அலாரத்தை ஏமாற்றவென்றே பக்கிளில் செருகும் சின்ன கிளிப்புகளும் விற்றுக்கொண்டிருந்தன. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவற்றை இணையக் கடைகளில் இருந்து நீக்கச் சொல்லி உத்தரவிட்டது. உங்கள் காரில் அப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

தங்கை மகனின் கதை வேறு. அவனுக்கு இப்போது ஒன்பது வயது, 128 சென்டிமீட்டர். "நான் என்ன பாப்பாவா மாமா?" என்று பூஸ்டரில் உட்கார மறுத்தான். பெரியவர்களின் பெல்ட் கழுத்தை உரசுவதால் அதை எடுத்து அக்குளுக்கு அடியில் விட்டுக்கொள்வான். பார்க்க பெல்ட் போட்டது போலவே இருக்கும். மோதினால் முழு விசையும் விலா எலும்பிலும் வயிற்றிலும் இறங்கும். பயமுறுத்தாமல், ஒரு சோதனையை அவனையே செய்து பார்க்கச் சொன்னேன். முதுகு முழுதாகச் சாய்ந்திருக்க, முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடிகிறதா? பாதம் தரையில் படுகிறதா? கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் தொடையின் மேல்பக்கம் கிடக்கிறதா? மேல்பட்டை கழுத்தைத் தொடாமல் தோளின் நடுவில் போகிறதா? போகும் வழி முழுக்க அப்படியே உட்கார முடியுமா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் பூஸ்டர் வேண்டாம் என்றேன். இரண்டில் தேறினான். வீட்டுச் சுவரில் 145 சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். அதைத் தொடும் வரை பூஸ்டர் என்று அவனே ஒப்புக்கொண்டான். மாதா மாதம் போய் நின்று பார்க்கிறான்.

காரே இல்லாத வீடுகளில், இருந்தாலும் அன்றாடம் பள்ளிக்கும் கடைக்கும், குழந்தைகள் போவது ஸ்கூட்டரில்தான். அதற்கும் விதி இருக்கிறது. 2022 பிப்ரவரி 15 அன்று அறிவித்து, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் அழைத்துப் போனால் குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், ஒன்பது மாதம் நிறைந்த குழந்தை என்றால் அதன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டும் வேண்டும், அது சைக்கிள் ஹெல்மெட்டாகக்கூட இருக்கலாம், வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது. நான்கு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஸ்கூட்டரின் முன்னால் கால் வைக்கும் இடத்தில் குழந்தையை நிற்க வைத்து ஓட்டுவதைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். நானும் தங்கை மகனை அப்படி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். பிரேக் அடித்தால் அந்தக் குழந்தையின் தாடை எங்கே போய் இடிக்கும் என்று ஹேண்டில்பாரை ஒருமுறை பார்த்தால் போதும்.

இப்போது மகளுக்கு நான்கரை வயது, 17 கிலோ. சீட்டின் மேல்விளிம்புக்கு அவள் தலை வந்துவிட்டது. முதுகுச் சாய்வு உள்ள பூஸ்டர் ஒன்று வாங்கியாயிற்று. பழைய சீட்டைக் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். யாரோ விற்கும் பழைய கார் சீட்டை வாங்காதீர்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்வேன். ஒரு மோதலைச் சந்தித்த சீட்டில் வெளியே தெரியாத விரிசல் இருக்கலாம், அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் இது எங்கள் கையிலேயே இருந்தது, ஒரு மோதலையும் பார்க்கவில்லை, அடியில் போட்டிருக்கும் தயாரிப்புத் தேதிப்படி இன்னும் காலமும் இருக்கிறது. மனைவியின் தங்கைக்குத் திருப்பூரில் இரண்டு மாதக் குழந்தை. தை பிறந்ததும் அவர்கள் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்புகிறார்கள்.

நேற்று சீட்டின் துணியைக் கழற்றித் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். பட்டைகளைச் சோப்பில் ஊறவைக்காமல் ஈரத்துணியால் மட்டும் துடைத்தேன், ஊறினால் நெசவின் வலு குறையும். ஞாயிற்றுக்கிழமை நானே திருப்பூர் போய் மாட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அம்மாவும் வருகிறேன் என்றார். "நீ மாட்டு. நீலமா சிவப்பான்னு நான் பாத்துக்கறேன்."